புதுப்பிப்பு: காசாளர் வேலையிலிருந்து மேலே போக வழி உண்டா?

சிங்கப்பூரில் ஒரு பேரங்காடியில் காசாளராக இருந்த என் தங்கை இதே துறையில் முன்னேற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அவள் இப்போது மூத்த விற்பனை உதவியாளர்!

பலர் சொன்னபடி சம்பள விவரத்தைப் பார்த்தோம். சில்லறை வர்த்தகத்துக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2022 செப்டம்பர் 1ஆம் தேதி வந்தது. முழுநேரக் காசாளருக்கு அப்போது மாதம் குறைந்தது 1,850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2024 செப்டம்பரில் 2,175. மூத்தவர், மேற்பார்வையாளர் என ஒவ்வொரு படிக்கும் தனித் தொகை.

ஆனால் அவளுக்குக் கைகொடுத்தது பால் அலமாரி என்றுதான் சொல்வேன். புதுச் சரக்கு வந்ததும் தேதி நெருங்கும் பாக்கெட்டுகளை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் அடுக்குவாள். எது எந்தக் கிழமையில் தேங்குகிறது என்று குறித்து மேலாளரிடம் காட்டினாள். கழிவு குறைந்தது, சரக்கு தருவிக்கும் பொறுப்பும் அவளிடமே வந்தது. கல்லாவில் மட்டும் நின்றிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்புறம், திறன் பயிற்சிக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் மேற்பார்வைப் பயிற்சி ஒன்றில் சேர்கிறாள். பணி அட்டவணை போட்டுப் பழகியவர்கள் இருந்தால் கொஞ்சம் எழுதுங்கள், அவளுக்கு உதவும்.