வாங்கி ஐந்து வாரத்தில் தானாக அணையும் கேமிங் கம்ப்யூட்டர்: திருப்பிக் கொடுத்துவிட்டு நாமே அசெம்பிள் செய்யலாமா?

ஈசூன்வாசி:
வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். மகன் ஏப்ரலில் பாலிடெக்னிக்கில் சேர்கிறான். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. சாதாரண நிலைத் தேர்வை நன்றாக எழுதினால் புதியது வாங்கித் தருகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவனும் சொன்னபடி படித்தான்.

ஒரு கடைத்தொகுதியில் சலுகை விற்பனை நடந்தபோது 1,799 வெள்ளிக்கு ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர் எடுத்தோம். அட்டையில் போட்டிருந்தது: ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. பார்க்க அழகாக இருக்கிறது, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு.

இப்போது இரண்டு தொல்லை. கவுன்டர் ஸ்டிரைக் 2 ஆடும்போது 200 எஃப்பிஎஸ் (நொடிக்கு 200 படம்) ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று 70க்கு விழுந்து திக்கித் திக்கி எழும். அதைவிட மோசம், மதிய நேரத்தில் அரை மணி ஆடினால் பட்டென்று அணைந்து தானாக மறுபடி எழுகிறது. எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. கடைக்குப் போன் செய்தேன். "செட்டிங்கைக் குறைத்து ஆடச் சொல்லுங்கள்" என்றார்கள்.

இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாகம் பாகமாக வாங்கி நாமே மாட்டலாம் என்கிறான் மகன். அவன் நண்பன் ஒருவன் இதையே கழற்றி வேறு கேபினட்டில் மாற்றித் தருகிறேன் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

வயர்மேன்65:
அண்ணே, முதல் வேலையாக அந்த நண்பனை நிறுத்துங்கள். நல்ல பையனாகத்தான் இருப்பான், ஆனால் கழற்றிய பிறகு "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று கடைக்காரர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

திருகு எதையும் தொடாமல் சிலவற்றைப் பார்க்கலாம். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? பின்பக்கத்தில் மேலே செங்குத்தாக இருப்பவை மதர்போர்டின் துளைகள், கீழே படுக்கைவாட்டில் இருப்பவை கிராபிக்ஸ் கார்டின் துளைகள். 7600க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு, அதனால் மேலே செருகினாலும் படம் வரும், வேகம்தான் வராது. அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி பக்கம் போனால் ரேமின் வேகமும் எத்தனை ஸ்லாட் பயன்படுகிறது என்பதும் இருக்கும். அதைப் படம் எடுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" எத்தனை முறை பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

மல்டிபிளக்கில் செருகியிருந்தால் எடுத்துச் சுவர் பிளக்கில் நேராகச் செருகி ஒரு நாள் ஆடவிடுங்கள். வெப்பநிலையைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும், இலவசம்தான்.

ஈசூன்வாசி:
தம்பி, நேற்று இரவு நானும் மகனும் உட்கார்ந்து எல்லாம் பார்த்தோம். கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், விண்டோஸில் 60 என்று இருந்தது, மாற்றிவிட்டோம். படம் வழவழப்பாகிவிட்டது, திக்கல் போகவில்லை. ரேம் வேகம் 4800, ஸ்லாட் 2இல் 1 என்று காட்டுகிறது. பெட்டியில் 6000 என்று போட்டிருந்தார்கள். கெர்னல்-பவர் 41 பதினொரு முறை. சுவர் பிளக்கில் நேராகச் செருகியும் இன்று இரண்டு முறை அணைந்தது. அணையும் முன் கார்டு 78 டிகிரி, பிராசசர் 84.

நள்ளிரவு கேமர்:
அங்கிள், நான் தேசிய சேவைக்குப் போகும் முன் முதன்முதலாக எனக்கு நானே ஒன்று அசெம்பிள் செய்தேன். அதனால் உங்கள் மகன் ஆசைப்படுவது புரிகிறது. கையால் மாட்டிய கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் கெட்டாலும் எனக்குத் தெரியும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்துக்காகவே செய்யலாம்.

ஆனால் முதல் நாள் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எல்லாம் மாட்டி பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன், மறுபடி கறுப்பு. கூலரைக்கூடக் கழற்றினேன், பேஸ்ட் எல்லாம் வீணாகிப்போனது. இரவு இரண்டு மணிக்குத்தான் மதர்போர்டு கையேட்டின் ஒரு மூலையில் படித்தேன்: ஏஎம்5 போர்டில் (உங்கள் ரைசன் உட்காரும் வகைதான்) டிடிஆர்5 ரேமை முதல் முறை பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை திரையில் ஒன்றும் வராது. கை வைக்காமல் விட்டிருந்தால் தானாகவே வந்திருக்கும்.

இன்னொன்று விலை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. ஏஐ தரவு மையங்களுக்காக உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் குரூசியல் என்ற தன் சில்லறை ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்போது தனித்தனியாக வாங்கினால் ரேமுக்கே பர்ஸ் காலியாகும். உங்கள் 1,799க்குள் ரேமும் எஸ்எஸ்டியும் அடக்கம். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்தால் அதே தொகையில் அதே பாகங்கள் கிடைக்குமா என்று முதலில் விலை கேட்டுப் பாருங்கள்.

வயர்மேன்65:
தம்பி சொல்வது சரி. இப்போது இரண்டு தொல்லையையும் தனித்தனியாகப் பிரிப்போம், ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் வேறு.

திக்கலுக்குக் காரணம் ரேம். 16 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறது. ஒரு குச்சி என்றால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் பாதிச் சாலைதான் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் ஸ்டிரைக் மாதிரி பிராசசரை நம்பி ஓடும் கேமில் அது நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு 6000 குச்சி 4800இல் ஓடுகிறது. விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை செட்டிங்கான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற ஒரு வரியை யாரும் ஆன் செய்யவில்லை. நிறைய ரெடிமேட் பெட்டிகள் என் மேசைக்கு இப்படித்தான் வருகின்றன.

அணைவது வேறு விஷயம். சூடு காரணம் என்றால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 7600 தாங்கும் எல்லை 95 டிகிரி, நீங்கள் 84இல் இருக்கிறீர்கள். கெர்னல்-பவர் 41 காரணத்தைச் சொல்லாது, மின்சாரம் போன மாதிரி அணைந்தது என்று மட்டும் சொல்லும். சுவர் பிளக்கிலும் அணைகிறது. என் சந்தேகம் பவர் சப்ளைமேல், அதாவது சுவர் மின்சாரத்தை மாற்றிப் பாகங்களுக்குத் தரும் உள்பெட்டிமேல்.

விளம்பர அட்டையைப் பாருங்கள். பிராசசர் பெயர் இருக்கும், கார்டு பெயர் இருக்கும். பவர் சப்ளைக்கு "500 வாட்" என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. சரிதானே? அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று தெரிய வேண்டும். கேபினட்டைத் திறக்கும் முன் கடைக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள், திறந்தால் வாரண்டி போகுமா என்று. பதில் எழுத்தில் இருக்கட்டும்.

ஈசூன்வாசி:
அட்டையில் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது, "500W" மட்டும்.

கடையில் கேட்டேன். தூசு தட்டத் திறக்கலாம், பாகத்தைக் கழற்றக் கூடாது என்று எழுதி அனுப்பினார்கள். மகன் பின்பக்கத் தகட்டை எடுத்தான். பவர் சப்ளையின் ஸ்டிக்கர் உள்பக்கம் திரும்பியிருந்தது. போனை இடுக்கில் விட்டு நாலைந்து படம் எடுத்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. +12V என்ற இடத்தில் 25A என்று இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் 500W. இது நல்லதா கெட்டதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை மேசையின் அடித்தட்டு அலமாரிக்குள் வைத்திருந்தோம். மதியம் அந்த அறையில் ஏர்கான் போடுவதில்லை.

வயர்மேன்65:
பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்குங்கள், 300 வாட். கார்டும் பிராசசரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி 200 வாட் மற்ற வோல்ட்டுகளில் எழுதிவைத்தது, இந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது உதவாது.

கணக்கைப் பாருங்கள். 5060 கார்டு 145 வாட். 7600இல் 65 என்று போட்டிருந்தாலும் உச்சத்தில் 88 வரை இழுக்கும். சேர்த்து 233. போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன், விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஐம்பது வைத்தால் 280ஐத் தாண்டும். இத்தோடு கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவைவிட அதிகமாக இழுக்கும். அந்தக் கணத்தில் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்துவிடுகிறது. மலிவான சப்ளைகளில் சிலவற்றை 25 டிகிரி அறைக்குக் கணக்கிட்டுத்தான் வாட் எழுதுகிறார்கள். ஈசூனில் மதியம் 32, அலமாரிக்குள் இன்னும் அதிகம். இரவில் அணையாமல் மதியம் அணைவது அதனால்தான்.

அலமாரியிலிருந்து இன்றே வெளியே எடுங்கள். ஆனால் அது தற்காலிகம். பவர் சப்ளை மாற்றியே ஆக வேண்டும், கடைதான் மாற்றித் தர வேண்டும்.

மல்லிகை:
சட்டப் பக்கம் நான் சொல்கிறேன், என் தங்கை வாங்கிய சலவை இயந்திரத்துக்காக இதையெல்லாம் படித்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் லெமன் சட்டம் என்று சொல்வது 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நியாயமான காலத்துக்குள் நடக்கவில்லை என்றால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். நீங்கள் ஐந்தாவது வாரத்தில்தான் இருக்கிறீர்கள் அண்ணா.

கடையில் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை.

நீங்களே அசெம்பிள் செய்தாலும் இந்தச் சட்டம் உண்டு, ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி விற்பனையாளர். கம்ப்யூட்டர் அணைகிறது என்றால் எந்தப் பாகத்தால் என்று முதலில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது நீங்கள் போய் நிற்க வேண்டியது ஒரே கடையில். தேதியோடு எல்லாம் எழுதி, அந்த ஸ்டிக்கர் படத்தையும் பதினொரு பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.

நள்ளிரவு கேமர்:
நடுவழி ஒன்றும் இருக்கிறது, அடுத்த முறைக்குச் சொல்கிறேன். ரோச்சோர் எம்ஆர்டி பக்கத்தில் சிம் லிம் ஸ்குவேரில் பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுத்து, கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்கலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் முழுப் பெயரும் மாடல் எண்ணும் போட்டு விலைப்பட்டியல் கேளுங்கள். "650 வாட்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள், எந்த நிறுவனம், எந்த மாடல் என்று எழுதச் சொல்லுங்கள். பாகங்களின் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர் வாரண்டி பாகத்துக்குப் பாகம் வேறு, நல்ல பவர் சப்ளைக்கு ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகள்கூடக் கிடைக்கும். என் சப்ளை இரண்டாவது கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

ஈசூன்வாசி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

மல்லிகை சொன்னபடி எழுதி அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மகனோடு கொண்டுபோனேன். மேலாளர் ஸ்டிக்கர் படத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசவில்லை. 650 வாட் சப்ளை மாற்றித் தந்தார்கள், மாட்டும் முன் ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டான். 12 வோல்ட்டில் 54 ஆம்பியர். அங்கேயே போனில் பெருக்கிப் பார்த்தான், 648. எக்ஸ்போவும் ஆன் செய்தார்கள். பழுது பார்த்தவர் ஒவ்வொரு கேபிளையும் காட்டி, பிராசசருக்குப் போகும் எட்டு முனை எது, கார்டுக்குப் போகும் எட்டு முனை எது, இரண்டும் ஏன் ஒன்றில்லை என்று அவனுக்குச் சொன்னார். அவன் கண்ணை எடுக்காமல் நின்றான்.

அதன் பிறகு ஒரு முறைகூட அணையவில்லை, மதியத்திலும். திக்கல் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ரேமுக்கு மட்டும் இரண்டு வழி சொன்னார்கள்: 16 ஜிபி குச்சியை எடுத்துக்கொண்டு இரண்டு 8 ஜிபி தருவது, அல்லது காசு கட்டி இன்னொரு 16 போடுவது. எது நல்லது?

வயர்மேன்65:
இன்றைக்கு மட்டும் பார்த்தால் இரண்டு 8. ஆனால் போர்டில் இருப்பதே இரண்டு ஸ்லாட், நாளைக்கு 32 வேண்டும் என்றால் இரண்டையும் தூக்கிப் போட வேண்டும். நான் என்றால் 16ஐ வைத்துக்கொள்வேன். இரண்டாவதை வாங்கும்போது குச்சியின் மாடல் எண் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். வேறு ஜோடி சேர்ந்தால் 6000இல் நிற்காமல் போகலாம்.

ஈசூன்வாசி:
அவனும் அதையேதான் சொன்னான். விடுமுறை வேலைச் சம்பளத்தில் அவனே வாங்கிக்கொள்கிறானாம். முன்பக்கத்துக்கு இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன். பாகம் கழற்றாமல் ஃபேன் சேர்க்கலாம் என்று கடையில் எழுதித் தந்துவிட்டார்கள். இப்போது ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிறான், எந்தப் பக்கம் காற்று வரும் என்று கேட்கிறான்.

வயர்மேன்65:
இறக்கை திறந்து தெரிகிற பக்கம் காற்றை இழுக்கும், குறுக்குக் கம்பியும் நடுவில் ஸ்டிக்கரும் இருக்கிற பக்கம் வெளியே தள்ளும். கம்பிப் பக்கம் கேபினட்டின் உள்ளே பார்க்கட்டும். மாட்டி முடித்ததும் ஒரு டிஷ்யூ தாளை முன்னால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒட்டிக்கொண்டால் சரி.