‘ஸ்ட்ரெய்னர்’ வடிகட்டி அன்று; ‘விசி’யும் முழுதாகப் பொருந்தவில்லை

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்னேர் டிரம்களை (அடித்தோலில் கம்பிச் சரம் கட்டிய டிரம்களை) அடையாளம் காணும் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘ஸ்ட்ரெய்னர்’ என்னும் உறுப்புக்கான தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முதல் வரைவில் ‘வடிகட்டி’ என்று வந்தது பிழை. டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கிடக்கும் கம்பிச் சரத்தை இழுத்து இறுக்கவும், நெம்புகோலைத் தட்டியதும் விடுவிக்கவும் பக்கவாட்டில் பொருத்திய அமைப்பையே அச்சொல் குறிக்கிறது.

நண்பர் ஒருவர் இறுகக் கட்டுதலைக் குறிக்கும் ‘விசி’ என்பதைப் பரிந்துரைத்து, மலைபடுகடாத்தின் ‘திண்வார் விசித்த முழவொடு’ என்னும் தொடரைக் காட்டினார். அருமையான சொல், ஆனால் அங்கே வார் இறுக்குவது தோலை, இங்கே இறுகுவது கம்பி. அவ்வகையில் யாழ் நரம்பை முறுக்கும் ‘மாடகம்’ நெருங்கி வருகிறது; முற்காலத்தில் ஸ்னேரிலும் குடல்நரம்பே கட்டினார்கள் என்பதால் எனக்கு அதன்மேல் ஆசையும் உண்டு. இருந்தும் இரண்டும் ஒரே இடத்தில் இடறுகின்றன. ரோஜர்ஸ் நிறுவனத்தின் டைனாசோனிக் என்னும் ஸ்னேர் டிரம்மில் கம்பிகள் தனிச் சட்டகத்தில் இழுவிசையோடு நிற்கின்றன. நெம்புகோல் அச்சட்டகத்தைத் தோலோடு சேர்க்கிறது, விலக்குகிறது, அவ்வளவே. லட்விக் நிறுவனத்தின் சூப்பர் சென்சிடிவ் டிரம்மிலும் கம்பிகள் இறுக்கம் குலையாமலே இறங்குகின்றன. ‘இறுக்கி’ என்னும் பொருளுடைய எச்சொல்லும் இவ்விரண்டையும் தவறாக விளக்கிவிடும். கையேட்டின் பயனே இவ்வேறுபாடுகளில் இருக்கிறது: வரிசை எண்ணும் பெயர்த்தகடும் காலத்தை உறுதியாகச் சொல்லாதபோது, பொருத்தியிருக்கும் ஸ்ட்ரெய்னர் லட்விக்கின் பி-83 வகையா பி-85 வகையா, ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனத்தின் ‘ஸூமேட்டிக்’ வகையா என்று பார்த்தும், வேறொரு ஸ்ட்ரெய்னர் இருந்து கழற்றப்பட்டதைக் காட்டும் பழைய துளைகள் உடற்கூட்டில் உள்ளனவா என்று தேடியுமே முடிவுக்கு வருகிறோம்.

ஆகவே ‘நாணேற்றி’ என்பதையே மீண்டும் முன்வைக்கிறேன். வில்லில் நாணேற்றும்போது நாண் விறைப்பதும், கம்பியைத் தோலளவுக்கு உயர்த்துவதும் ‘ஏற்று’ என்னும் ஒரே வினையில் அடங்குகின்றன. அச்சொல்லைக் கேட்டால் வில்லாளியே நினைவுக்கு வருவான் என்ற உங்கள் மறுப்பைப் படித்தேன். படத்துடன் ஒருமுறை விளக்கினால் அக்குழப்பம் நீங்கும். டிரம் வாசிப்பவர்கள் எல்லாரும் ‘ஸ்ட்ரெய்னர்’ என்றே சொல்கிறார்கள் என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை.

பெரும்பாலோர் கையேட்டின் உரைப்பகுதியில் ‘ஸ்ட்ரெய்னர்’ என்றே இருக்கட்டும் என்று எழுதிவிட்டீர்கள். காலக்கெடுவை எண்ணி இசைகிறேன். படக்குறிப்புகளிலாவது ‘நாணேற்றி’ இடம்பெறவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். ‘விசி’யை முன்மொழிந்த நண்பர் இதற்கும் உடன்படவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.