லினக்ஸ் துவக்கத்தில் டிரைவர் ஏறுவதற்குப் பட்டியல் வேண்டுமா, சாதனங்களைக் கவனித்து டிரைவர்களை ஏற்றும் யூடெவ் போதுமா?

முகில்: யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றின் டிரைவரை மூலநிரலிலிருந்து நானே தொகுத்தேன். இன்ஸ்மாட் கட்டளையால் ஏற்றினால் இணைப்பு உடனே கிடைக்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்தால் காணாமல் போகிறது. தொகுத்ததில் கிடைத்த .கேஓ கோப்பை (கர்னல் எனும் லினக்ஸின் மையநிரல் ஏற்றிக்கொள்ளும் மாட்யூல் அது) நடப்புக் கர்னலின் மாட்யூல் அடைவுக்குள் நகலெடுத்து வைத்தும் பயனில்லை.

கல்தச்சன்: மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் கோப்பொன்றை உருவாக்கி, அதில் மாட்யூலின் பெயரை மட்டும் எழுதுங்கள். கணினியைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி ஒவ்வொரு துவக்கத்திலும் அதைப் படித்து ஏற்றிவிடும். ஒரு வரி வேலைக்கு ஆராய்ச்சி எதற்கு?

முனையவாசி: அந்த ஒரு வரியும் முகிலின் கணினியில் தோற்கும் என்பதுதான் என் மறுப்பு. சாதனம் செருகப்பட்டதும் அதன் தயாரிப்பாளர் எண், பொருள் எண் முதலியவற்றைக் கோத்து ஒரு மாட்அலியாஸ் சரத்தைக் கர்னல் அறிவிக்கிறது. யூடெவ் அந்தச் சரத்தைக் கொண்டு, மாட்யூல்ஸ்.அலியாஸ் அட்டவணையில் பொருந்தும் மாட்யூலைக் கண்டுபிடித்து ஏற்றுகிறது. அந்த அட்டவணையை எழுதுவது டெப்மாட் என்ற கட்டளை. அது இயங்கிவிட்டால் யூடெவ்வே ஏற்றிவிடும், பட்டியல் வேண்டாம். கோப்பை நகலெடுத்த நண்பர் டெப்மாடை இயக்கியதாகச் சொல்லவில்லை. சிஸ்டம்டியும் மாட்யூலைப் பெயரால் தேடும்போது டெப்மாட் எழுதிய மாட்யூல்ஸ்.டெப் அட்டவணையைத்தான் பார்க்கிறது. இன்ஸ்மாட் மட்டும் வேலை செய்ததற்குக் காரணம், அது எந்த அட்டவணையையும் பார்க்காமல் கொடுத்த கோப்பை அப்படியே ஏற்றுவதுதான்.

கல்தச்சன்: டெப்மாடை மறந்தது என் பிழை. ஆயினும் பட்டியலே தேவையில்லை என்பதை ஏற்க மாட்டேன். தாய்ப்பலகையின் வெப்பநிலையை அளக்கும் என்சிடி6775 போன்ற சில்லுகள் யூஎஸ்பி, பிசிஐ சாதனங்களைப் போலத் தம்மை அறிவித்துக்கொள்வதில்லை. சென்சார்ஸ்-டிடெக்ட் என்ற கருவி அவற்றைத் துழாவிக் கண்டுபிடித்த பின், மாட்யூலின் பெயரை நாம்தான் பட்டியலில் எழுத வேண்டும்.

முனையவாசி: தன் பெயரைச் சொல்லாத வன்பொருளுக்குப் பட்டியல் சரி. பெயர் சொல்லும் வன்பொருளுக்கு அதை எழுதினால் உண்மையான பழுது மறைந்துபோகும். கர்னல் புதுப்பிக்கப்பட்டால் மாட்யூல் அடைவே மாறிவிடுகிறது. வெளியிலிருந்து தொகுத்த டிரைவர் பழைய அடைவிலேயே தங்கிவிட, பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சும். ஆகவே கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ்ஸில் பதிவதே முறை. வேர்க் கோப்பு முறைமை இருக்கும் வட்டின் டிரைவரோ, கர்னலுக்குள்ளேயே கட்டப்படாவிட்டால், துவக்கத்தில் கர்னலோடு நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். வட்டு திறக்கும் முன் அதிலுள்ள பட்டியலை யார் படிப்பது?

கல்தச்சன்: கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே துவக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும் கணினிகள் பலவற்றில் கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் மறுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகிலுக்கு அது இல்லை, இன்ஸ்மாட் ஏற்றிவிட்டதே.

முகில்: டெப்மாட் -ஏ கொடுத்தேன். மாட்யூலின் விவரங்களைத் தரும் மாட்இன்ஃபோ காட்டிய அலியாஸ் வரிகளில் என் டாங்கிளின் எண்கள் இருந்தன. மறுதொடக்கத்திற்குப் பின் டிரைவர் தானாகவே ஏறியது. நேற்றே கல்தச்சன் சொன்னபடி எழுதிய .கான்ஃப் கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை துவக்கிப் பார்த்தேன், அப்போதும் ஏறியது.