ஐஸ்லாந்துக் கடலின் மீன் யாருடையது?

கடலோடி:
ஐஸ்லாந்து என்றாலே "மீன்வளத்தைக் காப்பாற்றிக் காட்டிய நாடு" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1984-ல் அங்கே கோட்டா முறை, அதாவது யார் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று பங்கு பிரிக்கும் முறை, வந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்தப் படகு எவ்வளவு பிடித்ததோ அதைக் கணக்கிட்டு, படகு உரிமையாளர்களுக்கு இலவசமாகவே பங்கு கொடுத்தார்கள். அந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம் என்று 1990-ல் வந்த சட்டம் வழிவிட்டது. அதே சட்டத்தின் முதல் பிரிவு, மீன்வளம் நாட்டு மக்களின் பொதுச்சொத்து என்கிறது!

ஃப்ளேட்டிரி என்று ஒரு சின்ன ஊர். 1995 பனிச்சரிவில் 20 பேரைப் பறிகொடுத்தும் அந்த ஊர் கலையவில்லை. 2007-ல் அங்கிருந்த முதன்மை மீன் நிறுவனம் கோட்டாவை விற்றுவிட்டு மூடியதும் ஆடிப்போனது. தலைமுறைகளாகக் கடலை நம்பி வாழ்ந்த ஊர்களின் மரபையே இந்த முறை அழிக்கிறது.

வாடைக்காற்று:
எந்த மரபைச் சொல்கிறீர்கள் நண்பரே? ஐஸ்லாந்தில் பல நூற்றாண்டுகளுக்குச் சுதந்திரமான மீனவர் என்று ஒரு வர்க்கமே கிடையாது. நிலமில்லாதவர் எவரும் ஏதாவது ஒரு பண்ணையில் வேலைக்காரராக இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். மாசி, பங்குனிக் குளிரில் பண்ணைக்காரர்கள் தங்கள் ஆட்களைக் கரையோரக் குடில்களுக்கு அனுப்புவார்கள். ஆறு துடுப்பு, எட்டு துடுப்பு போட்ட திறந்த படகு. உடம்பில் எண்ணெய் தடவிய தோலாடை. படகு கவிழ்ந்தால் பிழைப்பது அரிது. பிடித்த மீனில் அந்த ஆளுக்கு வரவேண்டிய பங்கு பண்ணைக்காரருக்குப் போகும். 1894-ல்தான் இந்தக் கட்டு பெரிதும் தளர்ந்தது. வியாபாரமும் அவர்கள் கையில் இல்லை. 1602 முதல் 1787 வரை ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க்கின் ஏகபோகம்.

நீங்கள் சொல்லும் மீனவ ஊர்கள் பெரும்பாலும் அந்த 1894 தளர்வுக்குப் பின் வளர்ந்தவை. 1902-ல் இசாஃபியோர்தூரில் முதல் படகுக்கு மோட்டார் பொருத்தினார்கள், அப்புறம் இழுவைக் கப்பல்கள் வந்தன. நூறு வருஷப் பழக்கத்தை ஆதிகாலத்து மரபு என்று சொல்வது சரியில்லை.

மீனாள்:
வாடைக்காற்று சொன்னதில் பெண்கள் விடுபட்டுவிட்டார்கள். துரீதுர் எய்னார்ஸ்தோத்திர் (1777–1863) தெற்குக் கரையில் படகுத் தலைவியாகவே இருந்தவர். ஆண்கள் அவருக்குக் கீழே துடுப்புப் போட்டார்கள். அப்புறம் வடக்கே சிக்லுஃபியோர்தூர். 1903-ல் நார்வேக்காரர்கள் தொடங்கி வைத்த ஹெர்ரிங் மீன் வேலை அந்த ஊரையே மாற்றியது. கப்பல் வந்துவிட்டால் இரவு பகல் கிடையாது. துறைமுக மேடையில் வரிசையாக நின்று, மீனைக் கீறிக் குடலெடுத்து, உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கியவர்கள் பெண்கள். பீப்பாய்க் கணக்கில் கூலி. சொந்தக் காசு என்று பல பெண்கள் கையில் எடுத்தது அப்போதுதான்.

அந்த ஊர் எப்படி வீழ்ந்தது? 1960-களில் மீன் கூட்டத்தைத் தேடித் தரும் கருவியும், பெரிய வலையை இழுக்கும் இயந்திரமும் வந்தன. ஐஸ்லாந்து, நார்வே, ரஷ்யா என்று எல்லோரும் அள்ளினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீன் இல்லை. 3,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் வெறிச்சோடியது. அங்கே எந்தக் கோட்டாவும் யாரையும் துரத்தவில்லை. எல்லையில்லாமல் பிடித்ததுதான் காரணம். கடலோடி இதற்கு என்ன சொல்கிறார்?

கடலோடி:
எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை மீனாள். வருஷத்துக்கு இத்தனை டன்தான் என்று வரம்பு வைப்பது வேறு, அதற்குள் யார் பிடிக்கலாம் என்பது வேறு. மீனைக் காப்பாற்றியது முதலாவது. நான் எதிர்ப்பது இரண்டாவதை.

வாடைக்காற்று சொன்ன வரலாறு என் பக்கம்தான் பேசுகிறது. பண்ணைக்காரர் பிடியிலிருந்து தப்பித்து வந்தவர்கள்தான் அந்த ஊர்களைக் கட்டினார்கள். பண்ணைக்காரர் இருந்த இடத்தில் இப்போது கோட்டா வைத்திருக்கும் நிறுவனம். அதனிடம் வாடகைக்குக் கோட்டா எடுத்துப் பிடிப்பவர் வருமானத்தில் பெரும்பகுதியை அங்கேயே கொடுத்துவிடுகிறார்.

வாடைக்காற்று:
இரண்டையும் அப்படிப் பிரித்துவிட முடியாது. 1952-ல் 4 கடல் மைல், 1958-ல் 12, 1972-ல் 50, 1975-ல் 200 என்று தன் மீன்பிடி எல்லையை நீட்டி, பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்களின் வலைக்கம்பிகளை வெட்டி, 1976-ல் ஐஸ்லாந்து வென்றது. வெளிநாட்டுக் கப்பல்கள் போயின. அந்நாட்டின் முக்கிய மீனான காட் பெருகியதா? இல்லை, உள்நாட்டுக் கப்பல்களே அந்த இடத்தை நிரப்பின. காட் பிடிக்கும் நாட்களைக் குறைத்துப் பார்த்தார்கள். கிடைத்த நாட்களில் எல்லோரும் முண்டியடித்துப் பிடித்தார்கள். 1981-ல் 4 லட்சம் டன்னைத் தாண்டிய காட் பிடிப்பு, 1983-ல் 3 லட்சத்துக்குக் கீழே போனது. தன் பங்கு தனக்கே என்ற உறுதி வந்த பிறகுதான் அந்தப் போட்டி அடங்கியது. 2007-ல் காட் வரம்பை 1.3 லட்சம் டன்னாக வெட்டினார்கள், துறை தாங்கிக்கொண்டது. பத்து ஆண்டு கழித்து வரம்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. நாளை மீன் பெருகினால் தன் பங்கும் பெருகும் என்று தெரிந்தவன்தான் இன்று பொறுத்திருப்பான்.

உப்பளத்தான்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். 2008-ல் ஐஸ்லாந்து மீனவர் ஒருவர்கூடக் கடலில் சாகவில்லை. அந்த நாட்டு வரலாற்றில் அப்படி ஒரு வருஷம் அதுவே முதல் முறை. கட்டாய உயிர்காப்புப் பயிற்சிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கோட்டா இருப்பதால் புயல் நாளில் ஓட வேண்டிய அவசரம் இல்லாததற்கும் உண்டு என்று நினைக்கிறேன். கடலில் ஆள் போன வீட்டுக்கு மரபு, உரிமை எல்லாம் அப்புறம்தான்.

கடலோடி:
உயிர் விஷயத்தில் உப்பளத்தானோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாடைக்காற்று சொல்லும் "பொறுத்திருப்பவன்" யார்? கோட்டா இல்லாமல் மீன் பிடித்துத் தண்டிக்கப்பட்ட இரண்டு மீனவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். இது பாகுபாடு என்று 2007-ல் குழு சொன்னது. 2009-ல் சின்னப் படகுகளுக்குக் கோட்டா இல்லாமலே தூண்டில் மீன்பிடிப்பைத் திறந்துவிட்டார்கள். கோடையில் மட்டும், வாரம் நான்கு நாள், ஒரு பயணம் 14 மணி நேரம். 2012 வாக்கெடுப்பில் இதுபற்றிய கேள்விக்குப் பதிலளித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல், தனியாருக்குச் சொந்தமில்லாத இயற்கை வளத்தை நாட்டின் சொத்தாக அரசியலமைப்பில் எழுதச் சொன்னார்கள். இன்றுவரை எழுதவில்லை. மீன்பிடிப்பவர்கள் அரசுக்குக் கட்டும் மீன்பிடிக் கட்டணத்தை உயர்த்தும் சட்டம்கூட 2025 கோடையில் நீண்ட இழுபறிக்குப் பிறகுதான் நிறைவேறியது.

மீனாள்:
கட்டணத்தை உயர்த்தினால் முதலில் விழுவது பெரிய நிறுவனமா, ஒரே ஒரு படகு வைத்திருப்பவரா? சின்னவர் விற்பார், பெரியவர் வாங்குவார். நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். ஒரே நிறுவனம் மொத்தக் கோட்டாவில் 12 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதை ஒழுங்காக நடத்தச் சொல்லுங்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு நிறுவனங்களை ஒன்றாக எண்ண வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.