ஷேர் ஆட்டோவில் கிடைத்த ஜிபிஎஸ்

ஜூன் 12

நான், இரவு 7.42
எல்லோருக்கும் வணக்கம். பாரிமுனையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து டோல்கேட்டில் இறங்கும்போது கால் வைக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் கிடந்தது, கூட வந்தவர்கள் எல்லோரும் முன்னாடியே இறங்கிவிட்டார்கள். ஆட்டோ அண்ணன், "வண்டியில் வைத்தால் மறுபடியும் தொலைந்துவிடும், நீங்களே விசாரித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார். அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். உள்ளே பழைய போன் மாதிரி தடிமனாக ஒரு சாமான், கார்மின் என்று எழுதியிருக்கிறது. பட்டனை அழுத்தினால் வரிசையாக எண்கள் வருகின்றன, படம் எடுத்துக் கீழே போடுகிறேன். இது என்ன, யாருடையதாக இருக்கும்?

நான், 7.43
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்போன் கடை தம்பி, 7.51
அக்கா, அது ஜிபிஎஸ். படத்தில் 13 டிகிரி, 80 டிகிரி என்று இருப்பது நம் காசிமேட்டுக்கு நேர் எதிர்க் கடல். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் மிஷின்தான்.

மீன் அத்தை, 7.54
கண்ணு, முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடு. எல்லோருக்கும் அழிகிற மாதிரி எடு. மீதியை அப்புறம் சொல்கிறேன்.

நான், 7.55
எடுத்துவிட்டேன் அத்தை. ஏன், என்ன ஆச்சு?

மீன் அத்தை, 8.09
அதில் இருப்பது வெறும் எண் இல்லை கண்ணு, அதைப் பாயிண்ட் என்பார்கள். கடலுக்கு அடியில் பாறை இருக்கும், பார் என்போம், எப்போதோ மூழ்கின கப்பல் இருக்கும், அங்கேதான் மீன் அடையும். அந்த இடம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். வருடக்கணக்கில் டீசல் எரித்து, வலை கிழிந்து, வெறும் கையோடு திரும்பி வந்து கண்டுபிடித்த இடங்களை அதில் ஏற்றி வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் கூடப் பிறந்த தம்பிக்கே எல்லாப் பாயிண்டும் சொன்னதில்லை. வலை மாட்டுகிற இடங்களும் அதில்தான் இருக்கும், அது தெரியாமல் போட்டால் ஒரு வலையே போய்விடும். மிஷின் போனால் இன்னொன்று வாங்கலாம், பாயிண்ட் போனால் என்ன செய்வது. இன்றைக்கு 12ஆம் தேதி. மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதி ராத்திரியோடு முடிகிறது. 61 நாள் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது கிளம்புகிற நேரம், அந்தப் பிள்ளை எங்கே எங்கே தேடிக்கொண்டிருக்கிறானோ.

எதிர் வீட்டு மாமா, 8.15
படத்தை யாராவது போனில் சேமித்திருந்தால் தயவு செய்து அழித்துவிடுங்கள். நானும் அழித்துவிட்டேன்.

கல்லூரித் தங்கை, 8.18
அக்கா, போன் தொலைந்தால் கண்டுபிடிக்கிறார்களே, அந்த மாதிரி இதற்கு ஒன்றும் இல்லையா?

செல்போன் கடை தம்பி, 8.26
இல்லைம்மா. போனுக்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கிறது, தொலைத்தவர் அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் கொடுத்து அதை முடக்கலாம், வேறு சிம் போட்டாலும் தெரிந்துவிடும். இந்த மிஷின் செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலை வாங்கி, தான் இருக்கிற இடத்தைக் கணக்குப் போடும், அவ்வளவுதான். நான் இங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தகவல் அனுப்பாது. சிம் இல்லை, லாக் இல்லை, கூப்பிட்டுப் பார்க்க நம்பரும் இல்லை. நாம்தான் ஆளைத் தேட வேண்டும்.

அக்கா, வீட்டில் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தெரியாமல் அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட முடியும். அணைத்துவிட்டு இரண்டு பென்சில் பேட்டரியையும் கழற்றி வையுங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் பாயிண்ட் போகாது.

நான், 8.31
கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். பேட்டரி புதிதாகத்தான் இருக்கிறது. நாளைக் காலையில் ஸ்டேஷனில் கொடுத்துவிடட்டுமா?

எதிர் வீட்டு மாமா, 8.44
கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் இதைத் தொலைத்தவர் ஸ்டேஷனுக்குப் போவாரா, துறைமுகத்தில் தேடுவாரா என்று யோசி. நாளை சாயங்காலம் வரை துறைமுகத்தில் விசாரிப்போம், ஆள் வராவிட்டால் நானே உன்னோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன். ஒன்று தெரிந்துகொள்: கிடைத்த பொருளைக் கையில் எடுத்துவிட்டால், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் போலப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் 71ஆம் பிரிவே இருக்கிறது. கோர்ட்டில் வேலை பார்த்த காலத்தில் படித்தது.

மளிகை அண்ணாச்சி, 8.50
நம்ம கடை வாசலில் எழுதி ஒட்டட்டுமா? கார்மின் ஜிபிஎஸ், பிளாஸ்டிக் கவரோடு, பாரிமுனை ஷேர் ஆட்டோவில் கிடைத்தது என்று?

மீன் அத்தை, 8.53
வேண்டாம் அண்ணாச்சி. எல்லாவற்றையும் நாமே எழுதிவிட்டால் வருகிறவனிடம் கேட்க ஒன்றும் மிச்சம் இருக்காது. கடலுக்குப் போகிற ஒரு சாமான் கிடைத்திருக்கிறது, தொலைத்தவர் வரவும் என்று மட்டும் என் தம்பியிடம் சொல்லி துறைமுகத்தில் சொல்ல வைக்கிறேன். என்ன சாமான், எங்கே விட்டது, எதில் சுற்றியிருந்தது என்பதை அவர்களே சொல்லட்டும். கண்ணு, கவரை என்ன வைத்துக் கட்டியிருந்தது என்று யாருக்கும் சொல்லாதே, எனக்கும் சொல்லாதே.

ஜூன் 13

நான், காலை 9.20
அத்தை, இரண்டு பேர் உங்கள் தம்பியிடம் நம்பர் வாங்கிப் பேசினார்கள். முதல் ஆள் வாக்கிடாக்கி என்றார், பிறகு கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் என்றார். இல்லை அண்ணே என்றதும் வைத்துவிட்டார். பாவம், அவருடையதும் நிஜமாகவே எங்கேயாவது தொலைந்திருக்கலாம்.

இரண்டாவது ஆள் பேசும்போதே குரல் சரியில்லை. ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாராம், உப்புக் காற்றில் பேட்டரி வைக்கிற ஸ்பிரிங் அரித்துப் போயிருந்ததாம். கவரை நீல வலை நூலால் மூன்று சுற்று கட்டியிருந்தேன் என்றார். அது சரி. உள்ளே பாயிண்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். எண் எதுவும் மனதில் இல்லை அக்கா, ஆனால் முதல் பதினொன்றும் அப்பா 1, அப்பா 2 என்று இருக்கும் என்றார். பேட்டரி போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

மீன் அத்தை, 9.24
அவன்தான். தனியாகக் கொடுக்காதே, என் கடைக்கு வரச் சொல், நானும் இருக்கிறேன்.

எதிர் வீட்டு மாமா, 9.26
நானும் வருகிறேன். கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம், அவருக்கும் நமக்கும் நல்லது.

நான், பகல் 12.05
கொடுத்துவிட்டோம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் இப்போது கடலுக்குப் போவதில்லை. அந்தப் பதினொரு இடமும் ஜிபிஎஸ் வருவதற்கு முன்னாலேயே அவர் பார்த்து வைத்ததாம். கரையில் தெரிகிற இரண்டு அடையாளம் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும், பக்கத்தில் இன்னும் இரண்டு அதே மாதிரி வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் அந்தப் பார் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். இப்போது நடுவில் எவ்வளவோ கட்டடம் வந்துவிட்டதால் பாதி அடையாளம் மறைந்துவிட்டது, அதனால்தான் மிஷின் வாங்கினதும் மகனை ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டிப்போய்ப் பட்டனை அழுத்த வைத்தாராம். சொல்லிக்கொண்டே மிஷினைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார், எனக்குப் பேச்சே வரவில்லை.

மகன் பணம் எடுத்து நீட்டினார், வாங்கவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லையா என்று கேட்டேன், இல்லை என்றார்.

செல்போன் கடை தம்பி, 12.14
அக்கா, இன்றைக்கே என் கடைக்கு வரச் சொல்லுங்கள். ஒயர் மாட்டி ஐந்து நிமிடத்தில் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடலாம். எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு நான் வெளியே நிற்கிறேன், அவரே எடுத்துக்கொள்ளட்டும், கம்ப்யூட்டரில் எதுவும் தங்காது. காசு வேண்டாம்.

நான், 12.31
சொன்னேன் தம்பி. நாலு மணிக்கு வருகிறார். பெரியவர் மட்டும் பென்டிரைவ் எல்லாம் வேண்டாம், நோட்டில் எழுது என்கிறார். அண்ணாச்சி, ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு எடுத்து வையுங்கள், போகிற வழியில் வாங்கிக்கொள்வார்கள்.

மளிகை அண்ணாச்சி, 12.33
கெட்டி அட்டை போட்டதாக எடுத்து வைக்கிறேன்.

கல்லூரித் தங்கை, 12.40
ஆட்டோ அண்ணனுக்குச் சொல்லிவிட்டீர்களா அக்கா?

நான், 12.46
இப்போதுதான் பேசினேன். காலையிலிருந்து வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.