உச்சிப்புளி மணலில் வெண்டை பத்துக்கு மூன்றுதான் முளைக்கிறது, கீரை முளைத்துக் கருகுகிறது. புரட்டாசிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: உச்சிப்புளி 2 சென்ட்

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு வடக்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு தோப்பை ஒட்டிய இடத்தை 2 சென்ட் 2 சென்டாகப் பிரித்துக் காய்கறி போடக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். மண் முழுக்கப் பொடி மணல்.

ஆடியில் பார் (நீளமான மண்மேடு) கட்டி, பாரின் உச்சியில் வெண்டை விதை ஊன்றி, வாய்க்காலில் தண்ணீர் விட்டேன். பத்துக்கு மூன்று முளைத்தது. சிறுகீரை ஐந்தாம் நாள் பச்சையாக வந்தது, பத்தாம் நாளுக்குள் நுனி கருகிப் போய்விட்டது. விதை இந்த ஆண்டு பாக்கெட்தான். குறை விதையிலா, தண்ணீரிலா, போட்ட முறையிலா? இப்போது புரட்டாசி முதல் வாரம். எதை நேரடியாக ஊன்றலாம், எதை நாற்று விடலாம்?

பதில்: தங்கச்சிமடம்

தம்பி, முதலில் விதைக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒரு சோதனை செய்து பாருங்கள். ஈரத்துணியில் 10 வெண்டை விதையைச் சுருட்டி, குடிதண்ணீர் தெளித்து வீட்டுக்குள் வையுங்கள். இன்னொரு துணியில் அதே பாக்கெட்டின் 10 விதையை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் தெளியுங்கள். ஆறு நாளில் எண்ணுங்கள். முதல் துணியில் 7-க்கு மேல் முளைத்திருந்தால் விதை சரியானது. இரண்டு துணிக்கும் எண்ணிக்கையில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவும் தண்ணீரின் உப்பு செய்த வேலை.

முளைக்காத இடத்தில் விரலால் கிளறியும் பார்க்க வேண்டும். விதை போட்டபடியே கல்லாகக் கிடந்தால் ஈரம் போதவில்லை, இல்லையென்றால் உப்பு ஈரத்தை உள்ளே விடவில்லை. ஊதிப்போய், நசுக்கினால் பிதுங்கி நாற்றம் அடித்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. முளை வந்து மண்ணுக்குள்ளேயே சுருண்டிருந்தால் ஆழம் அதிகம். விதையே காணவில்லை என்றால் எறும்பு அல்லது மயில்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் இடத்தில் உப்புதான், அதிலும் விதை போட்ட இடம்தான் தவறு. வாய்க்காலில் விட்ட தண்ணீர் பாருக்குள் ஊறி மேலே ஏறும், ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு போகும். உச்சியில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கும். தண்ணீர் விட்ட மறுநாள் காலை பத்து மணிக்குப் பாருங்கள். பாரின் முதுகு நெடுக, சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். விதையை மிகச் சரியாக அங்கேதான் ஊன்றியிருக்கிறீர்கள். வளர்ந்த வெண்டை தாங்குகிற உப்பை முளைவிடும் விதை தாங்காது.

ஊன்ற வேண்டிய இடம் பாரின் சரிவு. வாய்க்காலில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே. அங்கே ஈரம் நிற்கும், உப்பு அதைத் தாண்டி உச்சிக்குப் போய்விடும். இது ஒன்றை மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

கிணற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.

பதில்: திருப்புல்லாணி

மேலே அண்ணன் சொன்னதோடு, எந்த விதையை எப்படிப் போடுவது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெண்டையைக் குடிதண்ணீரில் இரவு முழுக்க, அதாவது 8 முதல் 12 மணி நேரம் வரை ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால் விதைக்கு மூச்சு முட்டி அழுகிவிடும். களிமண்ணில் ஒரு விரற்கடை ஆழம் போதும். நம் மணலில் மேல்மண் மதியத்துக்குள் காய்ந்துவிடுவதால் 2 முதல் 3 செ.மீ. வரை போகலாம். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ., குழிக்கு இரண்டு விதை. பத்தாம் நாள் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளி எடுங்கள். பிடுங்க வேண்டாம், மணலில் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து வந்துவிடும்.

பாகல், புடலை விதை ஓடு தடித்தது. 24 மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஈரத்துணியில் கட்டி வைத்து, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் ஊன்றுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி குழி, 10 கிலோ மக்கிய எரு. எருவுக்குக் கீழே தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க ஒரு அடுக்கு போட்டால் மணலில் ஈரம் இரண்டு நாள் கூட நிற்கும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி இரண்டை வையுங்கள்.

கீரையில் எல்லாரும் செய்வது, கைநிறைய அள்ளித் தூவுவது. ஒரு சென்டுக்கு 10 கிராம் போதும். 10 கிராம் விதையோடு பத்து மடங்கு காய்ந்த மணல் கலந்து, பாதியைக் குறுக்கேயும் பாதியை நெடுக்கேயும் தூவுங்கள். மேலே மண் அள்ளிப் போட வேண்டாம், உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் போதும். அடர்த்தியாக விழுந்தால் நாற்றழுகல் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி மெலிந்து, பச்சை இலையோடு சாய்ந்து கிடக்கும். உங்கள் கீரையில் நுனிதான் முதலில் கருகியது என்பதால் அது நாற்றழுகல் இல்லை, உப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்து ஊற்றாதீர்கள்.

எறும்புக்கு: தூவும் முன் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு மண்ணில் கலந்துவிடுங்கள். பாத்தி ஓரத்தில் ஒரு கைப்பிடி ரவையைக் கோடாகப் போட்டால் எறும்பு அதை இழுக்கப் போய்விடும். அதற்குள் கீரை முளைத்துவிடும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் இந்த மணலில் நேரடியாக விதைக்க வேண்டாம். குழித்தட்டில் நாற்று விடுங்கள். 98 குழித் தட்டு ஒன்று உங்கள் 2 சென்டுக்குத் தாராளம். அரை செ.மீ. ஆழம், குழிக்கு ஒரு விதை. விதையைச் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையைத் தடுக்கும் பாக்டீரியா) பொடியில் புரட்டிப் போடுங்கள், கிலோவுக்கு 10 கிராம் என்பது அளவு, வீட்டு பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை. தக்காளி 25 நாளில், கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 40 நாளில் நடத் தயாராகும். நம் மாவட்டத்து முண்டு மிளகாயை மானாவாரியில் நேரடியாக விதைக்கிறார்களே என்று கேட்கலாம். அது மழையை நம்பி உள்பக்கத்து மண்ணில் செய்வது, கிணற்று உப்பு அதன் மேல் படுவதில்லை.

உச்சிப்புளி 2 சென்ட்

அண்ணே, அளந்தேன். கிணறு 1400, குடிதண்ணீர் 200. துணிச் சோதனை போட்டிருக்கிறேன். மூன்று சந்தேகம். பக்கத்து பாத்திக்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார். கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிப் போடலாமா? நாற்றுக்குத் தென்னை நார்க்கழிவு வாங்கியிருக்கிறேன், அப்படியே போடலாமா?

பதில்: தங்கச்சிமடம்

1400 என்றால் லிட்டருக்கு 1.4 கிராம் உப்பு. முளைவிடும்வரை சதுர மீட்டருக்குக் காலையும் மாலையும் 4 லிட்டர் வீதம் ஊற்றினால் ஒரு நாளைக்கு 11 கிராம், பத்து நாளில் 110 கிராம் உப்பைப் பாத்தியில் கொட்டுகிறீர்கள். இரண்டு கைப்பிடி உப்பைத் தூவிவிட்டுக் கீரை விதைப்பதற்குச் சமம்.

அதனால் முதல் பத்து நாள் நல்ல தண்ணீர்தான். பாத்தி முழுக்க நனைக்க வேண்டாம். விதை போட்ட வரிசையில் மட்டும், மீட்டருக்கு ஒரு லிட்டர், பூவாளியில். வரிசை மேல் பனை ஓலை மூடியிருந்தால் இன்னும் குறையும். முளை தெரிந்த அன்றே மாலையில் ஓலையை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும்.

நான்கு இலை வந்தபின் கிணற்றுக்கு மாறலாம். 1400-ஐ கொத்தவரையும் தட்டப்பயறும் கவலையில்லாமல் தாங்கும். தக்காளி ஓரளவு தாங்கும். கத்தரியும் மிளகாயும் காய்க்கும், விளைச்சல் குறையும். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று, கிணற்றைப் பற்றி. இந்தக் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மோட்டாரை ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டினால் மேலிருக்கும் நல்ல தண்ணீர் குறைந்து கீழே இருக்கும் உப்பு மேலே எழும்பும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஊற விட்டு மறுபடி ஓட்டுங்கள். பொதுக் கிணறு என்பதால் எல்லாரும் சேர்ந்து முறை வைத்தால்தான் இது நடக்கும். ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. இதை அவசியம் பேசி முடியுங்கள்.

பதில்: தொண்டி

ஜிப்சம் வேண்டாம். அது களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரை இறங்க விடாத களிமண்ணுக்கு. உங்களுடையது தண்ணீர் சட்டென்று இறங்கும் மணல், அதில் இருப்பது கரைந்த உப்பு. கரைந்த உப்பைக் கழுவித்தான் வெளியேற்ற முடியும். ஜிப்சமும் ஒரு உப்புதான், பணமும் போய் உப்பும் கூடும்.

கழுவுவதற்குக் கணக்கு உண்டு. மணலில் மேல் ஒரு அடியைக் கழுவ ஏறக்குறைய அரை அடித் தண்ணீர் இறங்க வேண்டும், சதுர மீட்டருக்கு 150 லிட்டர். 2 சென்ட் 80 சதுர மீட்டர், அப்படியானால் 12,000 லிட்டர் நல்ல தண்ணீர். விலைக்கு வாங்க முடியாது, வானம்தான் தர வேண்டும். நம் மாவட்டத்து ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. நேர்ச்சுவருள்ள தகர டின் ஒன்றைப் பாத்தி நடுவே வைத்து, மழை விட்டதும் அளந்து எழுதிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 15 செ.மீ. சேர்ந்ததும் மண் கழுவியாகிவிட்டது. நேரடி விதைப்பை அதற்குப் பிறகு வையுங்கள்.

பாசி நல்ல உரம், சாம்பல் சத்து நிறைய. ஆனால் கரையிலிருந்து வந்தபடியே போட்டால் கடல் உப்பையும் சேர்த்துப் போட்டதாகிவிடும். மழையில் விரித்துப் போட்டு இரண்டு மூன்று முறை நனைய விட்டு, சாணத்தோடு அடுக்கி மூன்று மாதம் மக்க வையுங்கள். இந்தப் பட்டத்துக்கு ஆகாது, தைக்கு ஆகும். கருவாட்டுத் தொட்டி கழுவிய தண்ணீர் ‘சத்து’ என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். மூன்று தடவை. முதல் தண்ணீர் கருஞ்சிவப்பாக வரும், மூன்றாவது வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள், 500-க்குக் கீழே வந்தால் தட்டில் நிரப்பலாம். மூன்று பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு மண்புழு உரம்.

பதில்: பெரியபட்டினம்

நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை. நாற்றுத் தட்டை இந்த வாரமே போடுங்கள், வீட்டு நிழலில், நல்ல தண்ணீரில். ஐப்பசி நடுவில் கன்று தயாராகும்போது மழையும் பிடித்திருக்கும். வெண்டை, கொத்தவரை, தட்டப்பயறு மண் கழுவிய பிறகு. கீரையைக் கார்த்திகை அடைமழையில் தூவினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும், மார்கழி நல்லது. பாகல், புடலை தைப் பட்டத்துக்கு.

மழை மாதங்களில் பாத்தியை முக்கால் அடி உயர்த்துங்கள். மணல்தானே, தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நல்ல மழையில் கடற்கரை நிலத்தில் ஊற்று ஒரு அடிக்குள் ஏறிவிடும், வேர் தண்ணீரில் நிற்கும்.

வாடைக்காற்று உப்புச் சாரலைக் கொண்டுவரும். கடல் பார்த்த பக்கத்து இலை ஓரம் மட்டும் கருகினால் அது மண் உப்பு இல்லை, காற்று உப்பு. வடக்கிலும் கிழக்கிலும் ஐந்தடி பனை ஓலைத் தட்டி கட்டுங்கள். நெருக்கி அடைக்காதீர்கள், இடைவெளி வழியே காற்று கொஞ்சம் புக வேண்டும். முழுக்க அடைத்தால் காற்று மேலேறிப் பாத்தி நடுவில் சுழன்று விழும். சாரல் அடித்த மறுநாள் காலை, வெயில் ஏறும் முன் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

மயிலுக்குக் கருவேல முள் போதாது, மேலே பறந்து இறங்கும். முளைத்த முதல் இரண்டு வாரம் வரிசை மேல் பழைய மீன் வலையை ஒரு அடி உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். வலையை முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

உச்சிப்புளி 2 சென்ட்

துணிச் சோதனை ஆறாம் நாள்: குடிதண்ணீரில் 9, கிணற்றுத் தண்ணீரில் 4. நார்க்கழிவு இரண்டாவது பிழிதலில் 820 காட்டுகிறது, இன்றிரவு மூன்றாவது. தட்டு நாளை நிரப்புகிறேன். டின் பாத்தியில் வைத்தாயிற்று.