கியூ: குறிப்பா, சைகையா, எடுப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் மேடை மேலாண்மை படிக்கப் போகும் மாணவர்களுக்கான சொற்பட்டியல் 'கியூ'வில் (cue, விளக்கோ ஒலியோ நடிகரோ எப்போது தொடங்க வேண்டும் என்று காட்டுவது) வந்து நின்றுவிட்டது. முதலில் 'குறிப்பு' என்று போட்டோம். ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் நடிகர்களை உட்காரவைத்துச் சொல்லும் திருத்தங்களுக்கும் அதே சொல்தான் என்பதால் அது ஒத்துவரவில்லை.

சொல் புழங்கும் இடம் இது. அங்கே காட்சியை நடத்துபவர் துணை மேடை மேலாளர், அதாவது டிஎஸ்எம். பெரும்பாலும் மேடையின் இடப்பக்கம், நடிகரின் இடக்கைப் பக்கம், அவருடைய மேசை இருக்கும். முன்னால் பிராம்ப்ட் புக்: ஒரு பக்கம் நாடகப் பாடம், எதிர்ப்பக்கம் கியூக்கள், எல்லாம் பென்சிலில். ஹெட்செட்டில் "ஸ்டாண்ட்பை எல்எக்ஸ் 47, சவுண்ட் 12" என்பார், அதாவது விளக்கு 47-க்கும் ஒலி 12-க்கும் தயாராக இருங்கள் என்று. ஒளி, ஒலி இயக்குபவர்கள் பதில் சொல்வார்கள். இடம் வந்ததும் "எல்எக்ஸ் 47, சவுண்ட் 12, கோ". கடைசிச் சொல்லுக்குத்தான் விரல் அழுந்தும். அமெரிக்காவில் இதே வேலையை ஸ்டேஜ் மேனேஜரே செய்வதால் பதவிப் பெயர்களை நாடு குறித்தே தர வேண்டியிருக்கிறது.

கைவசம் இருப்பவை 'சைகை', 'தூண்டல்'. வேறு உண்டா?

*

வணக்கம் ஐயா.

'சைகை' கண்ணுக்கு உரியது, டிஎஸ்எம் பேசுவதோ காதுக்கு. 'தூண்டல்' உளவியல் பாடநூலில் இருந்து எழுந்து வந்தது போல் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். மூன்று பொருளை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. பாடத்தில் செயல் தொடங்கும் இடம் ஒன்று. விளக்குகளை இயக்கும் ஒளிப்பலகையில் 47 என்ற எண்ணில் சேமித்த விளக்கு அமைப்பு இன்னொன்று. அடுத்த நடிகர் வாய் திறக்கக் காத்திருக்கும் வரி மூன்றாவது. இரண்டாவதை 'ஒளிநிலை' என்று பிரித்துவிடலாம். மூன்றாவது 'விடுவரி'.

முதலாவதற்கு 'எடுப்பு' என்பேன். கச்சேரியில் தாளத்தின் எந்த இடத்தில் பாட்டு தொடங்குகிறதோ அதுதான் எடுப்பு. தாளத்தோடு சேர்ந்து எடுத்தால் சமம், தாளம் தொடங்கிய பின் எடுத்தால் அனாகதம், முன்னாலேயே எடுத்தால் அதீதம். பிராம்ப்ட் புக்கிலும் இதே கணக்குத்தான். "கதவைச் சாத்து" என்ற வசனத்தில் விளக்கு மாறுவது 'க'வோடா, 'து'வுக்குப் பிறகா, நடிகர் மூச்சு இழுக்கும்போதா? அந்த எழுத்தில் இருந்தே ஓரத்துக்குக் கோடு இழுக்க வேண்டும். வரியின் மேல் பொதுவாகக் கோடு போட்டால், அன்று காய்ச்சல் என்று மாற்று ஆள் மேசையில் அமரும்போது விளக்கு ஒரு நொடி பிந்தும். இயக்குபவரின் விரலுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும். அதனால் நல்ல டிஎஸ்எம் அதீத எடுப்புக்காரர்.

மறந்த நடிகருக்கு வரி தருவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். அடியெடுத்துக் கொடுத்தல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

*

எடுப்பு என்றால் எனக்கு எடுப்புச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. இருக்கட்டும், எண்ணோடு சேர்ந்து 'ஒளி எடுப்பு 47' என்று வந்தால் யாரும் டிபன் கேரியரைத் தேடமாட்டார்கள். ஏற்கிறேன். இரண்டு எண்களுக்கு நடுவே பின்னால் செருகுவதை '47 புள்ளி 5' எனலாம். முன்னதை ஒட்டித் தானாக ஓடுவது 'தொடர் எடுப்பு'. அதற்குக் கட்டளை கிடையாது என்பதைப் பட்டியலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் அதற்கும் கோ சொல்வார், பலகை அதற்கடுத்த நிலைக்குத் தாவிவிடும்.

ஆனால் வாயால் சொல்லும் கட்டளையைத் தமிழாக்குவதில் கவனம் தேவை. 'போ' ஆகாது. நாடக வசனத்திலேயே நூறு முறை வரும். போதும், போடு, போகாதே எல்லாம் அதில்தான் தொடங்குகின்றன. 'விடு' அதைவிட ஆபத்து: "47 விடு" என்றால் ஒருவர் விளக்கை மாற்றுவார், இன்னொருவர் "47-ஐ விட்டுவிடு" என்று கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். ஆங்கிலத்திலேயே ஹெட்செட்டில் வேறு பேச்சுக்குக் 'கோ' என்ற சொல் வந்தால் 'ஜி-ஓ' என்று எழுத்துக் கூட்டுகிறார்கள். 'கோ'வை அப்படியே வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் தமிழ் நாடகத்துக்கு விளக்குப் பலகையில் இருப்பவர் தமிழராக இருக்க வேண்டும் என்று இல்லையே.

எண்களையும் பாருங்கள். இரைச்சலில் இருபதும் அறுபதும் ஒன்றாகவே கேட்கும். தமிழில் அழைப்பதானால் "ஆறு பூஜ்யம்" என்று இலக்கமாகச் சொல்வதே பாதுகாப்பு. ஒலிக்கு எண்ணை விட்டு எழுத்து இடும் வழக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஐ', 'ஓ' இரண்டையும் தவிர்ப்பது 1, 0 என்று மயங்காதிருக்க. நாம் அ, ஆ என்று இட்டால் குறில் நெடில் போய்விடும்.

*

ஸ்டாண்ட்பைக்கு 'ஆயத்தம்' போதும். ஈழத்தில் பேச்சிலேயே இருக்கும் சொல். "ஒளி 47 ஆயத்தம்?" "ஒளி ஆயத்தம்." பேச்சுக்குப் பதில் விளக்கால் கட்டளை தரும் கியூ லைட்டுக்கும் பொருந்தும்: சிவப்பு ஆயத்தம், பச்சை கோ. வழக்கமாக ஏறக்குறைய அரைப் பக்கம் முன்னால் சொல்ல வேண்டும். மிக முன்னால் சொன்னால் விரல் பொத்தானின் மேலேயே கிடந்து கவனம் சிதறும்.

வரைவில் ஒரு பிழை. காட்சிக்கு முன் நடிகர்களுக்குத் தரும் 'தி ஹாஃப்' என்ற அழைப்பை 'அரைமணி அழைப்பு' என்று பெயர்த்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் அது திரை எழுவதற்கு 35 நிமிடம் முன்பு. நடிகர்கள் மேடைக்கு வரும் 'பிகினர்ஸ்' அழைப்புக்கு 5 நிமிடம் ஒதுக்கி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவதால் வரும் கணக்கு. 7.30 காட்சிக்கு ஹாஃப் 6.55, குவார்ட்டர் 7.10, ஃபைவ் 7.20, பிகினர்ஸ் 7.25. நம் பெயர்ப்பை நம்பிய மாணவர் 7 மணிக்கு வந்து நிற்பார், அதற்குள் அவர் பெயரை ஒலிபெருக்கியில் தேடியிருப்பார்கள். அமெரிக்காவில் முப்பது என்றால் முப்பதேதான். 'முன்னழைப்பு 35' என்று நிமிடத்தைப் பெயரிலேயே வைத்துவிடுங்கள். பிகினர்ஸுக்கு 'முதற்காட்சியினர்'.

திரைகளுக்கு எதையும் உருவாக்க வேண்டாம். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மூன்றும் இருக்கின்றன: ஒரு பக்கம் இழுப்பது ஒருமுக எழினி, இரு பாதி வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. தீத்தடுப்புக்கான இரும்புத் திரையை மட்டும் 'காப்புத்திரை' எனலாம்; அது எழினி அல்ல.

*

சேர்த்துவிட்டேன். 'விடுவரி'யில் 'விடு' இருப்பதால் அதை 'முன்வரி' ஆக்கியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.